தலைக்கு இரண்டு

சித்திக்குப் பொய் சொல்ல வராது என்று நினைக்கிறவர்கள் அவளைப் பல் டாக்டரின் அறைக்கு வெளியே பார்த்திருக்க மாட்டார்கள். பல வருடங்களாக அவளுக்கு அங்கேதான் வேலை. காலையில் கதவைத் திறந்து, தரையைத் துடைத்து, கொக்கிகளையும் இடுக்கிகளையும் ஸ்டெரிலைசரில் போட்டு, வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களை மேய்க்க வேண்டும். டாக்டர் நேரத்துக்கு வருகிற ஆள் அல்ல. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் எழுந்து வந்து "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்று கேட்டால், சித்தி தலையை நிமிர்த்தாமலே சொல்வாள்: "வந்துட்டே இருக்கார். கீழ வண்டியை நிறுத்திட்டிருக்கார்."

டாக்டர் அப்போது வீட்டில் போர்வைக்குள் இருப்பார். ஆனால் அவள் சொல்கிற தொனியில், கேட்பவர் காதில் வண்டிக் கதவு சாத்தும் சத்தமே விழுந்துவிடும். ஒரு முறை ஒரு பெரியவர், "ஆமா, நான் ஜன்னல் வழியா பார்த்தேன். நீலச் சட்டை" என்று சாட்சியும் சொன்னார். அன்றைக்கு டாக்டர் ஒரு மணி நேரம் கழித்து நீலச் சட்டையில் வந்து சேர்ந்தார். இதைச் சொல்லிச் சொல்லிச் சித்தி சிரிப்பாள். சித்தப்பா மட்டும் சிரிக்கமாட்டார். "உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்பார்.

என் அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் சித்தி. அவளுக்குப் பிள்ளை இல்லை. படிப்பு முடிந்த கையோடு நான் கிளம்பிவிட்டேன். பழத்தோட்டம், கப்பல் சமையலறை, விடுதி வரவேற்பறை என்று கிடைத்த வேலையைச் செய்துகொண்டு நாடு நாடாகச் சுற்றினேன். திரும்பி வந்தபோது சித்தியின் கன்னம் ஒட்டியிருந்தது. சித்தப்பா லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து முதுகுவலியோடு ஓய்வு பெற்று ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சித்தி அழவில்லை. வெட்டிவிட்டிருந்த என் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"பின்னலை என்ன பண்ணின?"

"வெட்டிட்டேன் சித்தி. கப்பல்ல தலை குளிக்கத் தண்ணி கிடைக்காது."

"சரி விடு. இனிமே இங்கதானே இருக்கப்போற? வளர்ந்துடும்."

"பார்க்கலாம்" என்றேன். அவள் முகம் சட்டென்று வேறு பக்கம் திரும்பியது. பிறகு வந்த நாள்களிலும் ஏதாவது ஒரு சாக்கில் அந்தக் கேள்வி வந்துகொண்டே இருந்தது. கடலோர விடுதி ஒன்றில் வேலை இருப்பதாகத் தோழி ஒருத்தி செய்தி அனுப்பியிருந்தாள். அதற்கும் நான் பதில் போடவில்லை, சித்திக்கும் பதில் சொல்லவில்லை.

சித்தியின் வாழ்க்கையில் இரண்டே கோயில்கள்தான் என்று சித்தப்பா கிண்டல் செய்வார். ஒன்று பல் டாக்டர். இன்னொன்று மலிவு சூப்பர் மார்க்கெட். முன்பு மரக் கிடங்காக இருந்த கட்டிடம் அது. அலமாரி, அலங்காரம், பாட்டு எதுவும் கிடையாது. அட்டைப் பெட்டிகளின் மேல்பக்கத்தை வெட்டிவிட்டு அப்படியே அடுக்கியிருப்பார்கள். டியூப் லைட் இரைந்துகொண்டே இருக்கும். உள்ளே நுழைந்தால் அட்டை வாசனையும் சோப்புத்தூள் வாசனையும் மூக்கில் ஏறும். அந்தக் கடையில் சித்தி நடப்பதைப் பார்ப்பதே ஒரு பாடம்.

"கண் மட்டத்துல இருக்கறதை எடுக்காதே. கண்ணுக்குன்னு தனியா காசு போட்டிருப்பான். குனி."

குனிந்தால் அதே சர்க்கரை, வேறு உறையில், குறைந்த விலையில் இருக்கும். பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நம்பமாட்டாள். கிலோவுக்கு என்ன விலை என்று கீழே பொடி எழுத்தில் இருப்பதை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படிப்பாள். நசுங்கிய டின் பாதி விலைக்குக் கிடைக்கும். மூடியைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, "டொக்"கென்று சத்தம் வந்தால் கெட்டுப்போனது என்று திரும்ப வைத்துவிடுவாள். மதியத்துக்கு மேல், தேதி முடியப்போகிற சாமானுக்கு விலை குறைக்க, ஊழியர் மஞ்சள் ஸ்டிக்கர் துப்பாக்கியோடு வருவார். அந்தத் துப்பாக்கியின் டிக் டிக் சத்தம் எந்த வரிசையில் கேட்கிறதோ அங்கே சித்தியின் வண்டி போய் நிற்கும். பசியோடு மட்டும் கடைக்குள் போகமாட்டாள். "வயிறு காலியா இருந்தா வண்டி நிறைஞ்சிடும்" என்று வாசலில் நின்று ஒரு பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத்தான் நுழைவாள்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. எண்ணெய், சர்க்கரை, சோப்பு போன்றவற்றை அடிமாட்டு விலைக்குக் கொடுப்பார்கள். ஆனால் தலைக்கு இரண்டுதான். ஆள் நேரில் வந்திருக்க வேண்டும். அதனால் ஜனங்கள் குடும்பத்தோடு வருவார்கள். நடக்கத் தெரியாத குழந்தையையும் இடுப்பில் தூக்கி வந்து ஒரு தலையாகக் காட்டுவார்கள். நான் பள்ளியில் படித்த காலத்தில் சித்திக்கு நான்தான் இரண்டாவது தலை.

திரும்பி வந்த பிறகு முதல் முறை அவளோடு போனேன். கல்லாவில் இருந்த பெண்ணின் பல்லில் கம்பி மாட்டியிருந்தது. சித்தியின் டாக்டர்தான் மாட்டிவிட்டவர். அதனால் சித்தி அவளைக் கம்பி என்றே கூப்பிடுவாள். அவளும் கோபித்துக்கொள்வதில்லை.

"என்ன கம்பி, வலி குறைஞ்சுதா?"

"எங்க ஆன்ட்டி. தண்ணி குடிச்சாலே கூசுது." அவள் எங்கள் பக்கம் பார்த்து விரலை ஆட்டினாள். "இன்னிக்கு மூணு பேரா? அப்ப ஆறு எடுத்துக்கலாமே. ஏன் நாலு மட்டும் வெச்சிருக்கீங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. சோப்பு அடுக்கியிருந்த வரிசையில் மட்டும் விளக்கு எரியவில்லை. அட்டைப் பெட்டிகள் இருட்டில் நின்றன.

"மூணு..." என்று நான் ஆரம்பித்தேன். சித்தி என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

"மறந்துட்டேன் பாரு" என்று சிரித்துவிட்டு, விடுவிடென்று போய் இன்னும் இரண்டு எண்ணெய் எடுத்து வந்தாள். கம்பி ஆறையும் இயந்திரத்தில் காட்டினாள். "உங்க பொண்ணு இன்னிக்கும் வெளிச்சத்துக்கு வரமாட்டேங்குதே ஆன்ட்டி" என்றாள். பிறகு என்னிடம், "நீங்க யாரு, அவங்க அக்காவா? ஜாடை அப்படியே இருக்கு" என்றாள்.

தெருவுக்கு வந்ததும் நான் நின்றுவிட்டேன்.

"சித்தி, யாரைச் சொல்றா அவ?"

"உன்னைத்தான்."

"நான்தான் முன்னாடி நிக்கிறேனே."

சித்தி பைகளைத் தரையில் வைத்தாள். "நீ ஊரை விட்டுப் போன அந்த வாரம், பழக்க தோஷத்துல, ரெண்டு பேருன்னு சொல்லிட்டேன். பொண்ணு உள்ள சோப்பு எடுத்துட்டிருக்கான்னு வாய் தானா சொல்லிடுச்சு. சொன்னப்புறம்தான் நீ இல்லைங்கறது உறைச்சது. அதுக்கப்புறம் இல்லைன்னு சொல்ல மனசு வரல. ரெண்டு எண்ணெய்க்காக இல்ல பாப்பா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வாராவாரம் சொன்னேன். ஏன் வெளிய வரலைன்னு கேட்டா, அவளுக்கு வெளிச்சம் ஆகாதுன்னேன். ஏன் பேசலைன்னா, கூச்ச சுபாவம்னேன். பின்னல் போட்டிருப்பா, சாம்பல் கலர்ல மேல்சட்டை போட்டிருப்பான்னு அப்பப்ப ஒண்ணு சேர்த்துப்பேன். கொஞ்ச நாள் கழிச்சு நான் எதுவும் சொல்லாமலே அவங்க ரெண்டு பேருக்கு பில் போட ஆரம்பிச்சாங்க." அவள் பைகளை எடுத்துக்கொண்டாள். "ஒரு நாள் கம்பியே சொன்னா, உங்க பொண்ணு இளைச்சுப் போயிட்டாளேன்னு."

அவள் குரலில் பயம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிள்ளை இளைத்துப்போன கவலைதான் இருந்தது.

வீட்டில் நான் எண்ணெயைக் கவனிக்க ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. சித்தியும் சித்தப்பாவும் கொறிக்கிற அளவுக்குத்தான் சாப்பிடுவார்கள். நானும் வெளியிலேயே சுற்றுகிறவள். வாங்கி வந்த ஆறும் மாதக் கணக்கில் வரவேண்டும். ஆனால் அலமாரி நிறைந்தே நான் பார்க்கவில்லை. இத்தனை சாமர்த்தியமாக வாங்கியும் அந்த வீட்டில் எதுவுமே மிச்சமாகவில்லை. சர்க்கரை டப்பாவின் அடி தெரிந்துகொண்டே இருந்தது. காலையில் எல்லாருக்கும் முன்பாக எழுந்து நான் குளியலறைக்குப் போனால் சோப்பு ஈரமாக இருந்தது.

என் அறையில் அகலமான கட்டில். நான் கையைக் காலைப் பரப்பித் தூங்குகிறவள். அந்த அறையில் மட்டும் ஒவ்வொரு நாளும் சுவரை ஒட்டி, குறுகிக்கொண்டு விழித்தேன்.

ஒரு மத்தியானம் சித்தி வேலைக்குப் போயிருந்தபோது சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் ஜன்னலிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"உங்க சித்தி மிச்சம் பிடிக்கிறா, மிச்சம் பிடிக்கிறான்னு ஊரே பேசுது. இந்த வீட்டுல மூணு பேரோட செலவு ஓடுது. நான் கேட்டுக்கறதில்ல."

"நீங்க பார்த்திருக்கீங்களா சித்தப்பா?"

"நான் லிஃப்ட்காரன். லிஃப்ட்டுக்குக் கண்ணு கிடையாது, எடைதான். எத்தனை பேர் ஏறியிருக்காங்கன்னு அதுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியுதான்னு நான் ஏன் பார்க்கணும்?" ஜன்னலிலிருந்து திரும்பி, "நல்ல பொண்ணுதான். தொந்தரவு கிடையாது. உன்னை மாதிரி கதவை அடிச்சு சாத்தமாட்டா" என்றார்.

அது வழக்கமான கிண்டலா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் தோளுக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே கடையில் அறிவிப்பு ஒட்டினார்கள். யார் யாரோ பக்கத்து வீட்டுக் குழந்தைகளையெல்லாம் இரவல் வாங்கி வந்து தலைக்கணக்கு காட்டுகிறார்களாம். இனி வாயால் சொன்னால் செல்லாது. ஒவ்வொருவரும் முகத்தைக் காட்டிப் பதிந்துகொண்டு ஓர் அட்டை வாங்க வேண்டும். அட்டை இல்லாத தலைக்குச் சலுகை விலை இல்லை.

"முகம் காட்டணுமா?" என்று சித்தி கேட்ட குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

"ஆமா ஆன்ட்டி. சின்னதா ஒரு மெஷின் வரப்போகுது. முகம் தெரிஞ்சா பச்சைக் கட்டம் வரும். தெரியலைன்னா ஆளே இல்லைன்னு அர்த்தம்." கம்பி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அன்று முதல் சித்தி சரியாகச் சாப்பிடவில்லை. பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்திருந்தாலும் "வந்துட்டே இருக்கார்" என்று சொல்ல மறந்துவிட்டாளாம். நோயாளிகள் சண்டை போட்டுவிட்டுப் போனார்களாம். சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, உண்மையைச் சொல்லு. நீ இருப்பியா?"

"ஏன் சித்தி திரும்பத் திரும்பக் கேக்குற?"

"மெஷின் அவளை இல்லைன்னு சொல்லிட்டா, எனக்கு யாரு இருக்கா? நீ இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் அவளைப் போகச் சொல்லிடறேன். இந்தக் கடைப் பக்கமே வரமாட்டேன்."

"பார்க்கலாம் சித்தி."

"பார்க்கலாம்னா இல்லைன்னு அர்த்தம். டாக்டர்கிட்ட பல்லைப் பிடுங்கப் பயந்துட்டுப் போறவங்க எல்லாரும் இதைத்தான் சொல்லிட்டுப் போவாங்க. ஒருத்தரும் திரும்பி வந்ததில்ல."

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இருக்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இந்த விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

பதிவு நாளில் கடை கூட்டமாக இருந்தது. கல்லாவின் மேல் மெல்லிய கழுத்தோடு அந்த இயந்திரம் நின்றது. சித்தி தலையை வாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவள் முகம் முதலில் பதிந்தது. பீப் என்று சத்தம் வந்து, ஓர் அட்டை வெளியே தள்ளப்பட்டது.

நான் முன்னால் நகர்ந்தேன். சித்தி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"முதல்ல அவ போகட்டும்."

நான் விலகினேன். இயந்திரத்துக்கு முன்னால் காலியாக இருந்த இடத்தைக் கம்பி பார்த்தாள். அவளுக்கு எதுவும் விசித்திரமாகப் படவில்லை.

"வாங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. ஐயோ, தலையைக் குனியாதீங்க. பின்னலைப் பின்னாடி போட்டுக்கங்க. ஆங், அப்படித்தான்."

சித்தியின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. வலித்தது. அவள் மூச்சு விடவில்லை. பின்னால் வரிசையில் ஒருவர் இருமினார். எனக்கு இயந்திரத்தின் முதுகுப்பக்கம் மட்டுமே தெரிந்தது.

பீப்.

சித்தியின் பிடி தளர்ந்தது. இரண்டாவது அட்டை வந்தது. சித்தி அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். கடைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சந்தோஷம் அவள் முகத்தில் பரவியது. என்னைத் தூக்கி வளர்த்த நாள்களிலும் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததாக நினைவில்லை.

"இப்ப நீங்க வாங்க அக்கா" என்று கம்பி என்னைக் கூப்பிட்டாள்.

நான் போய் நின்றேன். சின்னத் திரையில் என் முகம் தெரிந்தது. கட்டம் அதைச் சுற்றி வந்து, நின்று, சிவப்பாக மாறியது. வேறு மாதிரி ஒரு சத்தம் வந்தது. கம்பி துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு.

"ஏற்கெனவே பதிஞ்சிருக்குன்னு காட்டுது."

"இப்பத்தானே நான் வர்றேன்" என்றேன்.

அவள் தன் பக்கத்துத் திரையை என் பக்கம் திருப்பினாள். சற்று முன் பதிந்த படம் அதில் இருந்தது. என் முகம்தான். நெற்றி, மூக்கு, உதட்டு ஓரத்து மச்சம் எல்லாம் என்னுடையவை. பின்னல் இருந்தது. சாம்பல் நிற மேல்சட்டை இருந்தது. வெளிச்சம் கூசுவதுபோல் கண்களைச் சுருக்கிக்கொண்டு அவள் பார்த்தாள். வெளியே வெயிலில் திரிந்த கருப்பு அந்த முகத்தில் இல்லை. எங்கேயும் போகாத முகம்.

"இரட்டைப் பிள்ளைங்களா? சொல்லவே இல்லையே ஆன்ட்டி" என்றாள் கம்பி. "மெஷினுக்கு அதெல்லாம் புரியாது. ஒரு முகத்துக்கு ஒரு அட்டைதான். வேணும்னா அதை அழிச்சிட்டு இவங்களை ஏத்தட்டுமா? எது வேணும்னு சொல்லுங்க."

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. "சீக்கிரம் முடிங்கம்மா. வீட்டுல உலை வெச்சிட்டு வந்திருக்கோம்" என்றார் யாரோ.

சித்தி அவசரப்படவில்லை. என் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"பாப்பா. கடைசியா கேக்குறேன். இருப்பியா?"

நான் அவள் கண்ணைப் பார்த்தேன். ஒரு வார்த்தை. அதை நான் எத்தனையோ ஊர்களில், எத்தனையோ பேரிடம், திரும்பிப் பார்க்கும் எண்ணமே இல்லாமல் சொல்லியிருக்கிறேன்.

"இப்போதைக்கு இருக்கேன் சித்தி."

"இப்போதைக்கு" என்று அவள் திரும்பச் சொன்னாள். அதில் கோபம் இல்லை. மஞ்சள் ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்து, இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று பார்க்கிற முகம்.

"அழிக்காதே கம்பி" என்றாள். "இருக்கறது இருக்கட்டும்."

"அப்ப இவங்க?"

"இவளுக்கு ஊர் ஊரா முகம் இருக்கு. அவளுக்கு இந்த ஒண்ணுதான்."

கம்பி தலையை ஆட்டிவிட்டு எண்ணெயைப் பில் இயந்திரத்தில் காட்டினாள். நான்கு. சர்க்கரை நான்கு. சோப்பு நான்கு. அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நான் நகர்வதற்குள் அந்த அடுத்த ஆள் தன் கூடையை நான் நின்ற இடத்திலேயே வைத்தார். மன்னிப்பும் கேட்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

வெளியே நல்ல வெயில். இரண்டு பைகளில் நிரப்பிய சாமானில் சித்தி ஒரு பையைத்தான் தூக்கிக்கொண்டு நடந்தாள். இன்னொரு பையைத் தேடிப் பார்த்தேன். கல்லாவிலும் இல்லை, அவள் கையிலும் இல்லை. அவளை எட்டிப் பிடிக்க நான் வேகமாக நடக்க வேண்டியிருந்தது. முழங்கால் வலி என்று பத்தடிக்கு ஒரு முறை நிற்கிறவள், அன்று நிற்கவே இல்லை.

"கனமா இருந்தா சொல்லு, மாத்திக்கலாம்" என்றாள்.

"என்கிட்ட எதுவும் இல்ல சித்தி" என்றேன்.

அவள் திரும்பவில்லை.

பெரிய ரோட்டுக்கு வந்தோம். வண்டிகள் சற்றே ஓய்ந்தன. சின்ன வயதில் செய்ததுபோலவே சித்தி கையை நீட்டினாள். நான் அவளுக்கு இடது பக்கம் நின்றிருந்தேன். அவள் வலது கையை நீட்டினாள். விரல்கள் மெல்ல மூடிக்கொண்டன. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "வா" என்று சொல்லி ரோட்டைத் தாண்டினாள்.

நான் காலை எடுத்து வைப்பதற்குள் வண்டிகள் வந்துவிட்டன.